இத்தா அறையும் ஒரு சோடித் தாராவும்

மகனே,

உனக்கும் கடையில் உன்னோடு இருப்பவர்களுக்கும் என் ஸலாம். இந்தக் கடதாசியை உன் மாமா புதன்கிழமை பஸ்ஸில் கண்டிக்கு வந்து உன் கையிலேயே தருவார். வாங்கியதும் வாசித்துவிடு, சாக்கு மூட்டைக்கு மேல் வைத்துவிட்டு மறந்துவிடாதே. சின்ன வயதில் லெப்பையின் வீட்டுக்கு ஓதப் போனபோது நான் படித்த எழுத்து இது ஒன்றுதான், அரபு எழுத்தில் தமிழ். உனக்கும் நானே சொல்லித் தந்தேன், அதனால் நீ தடுமாற மாட்டாய். எழுத்துப் பிழை இருந்தால் சிரித்துக்கொள், ஆனால் முழுவதையும் வாசி.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் மாத்தளையிலிருந்து உன் பெண்சாதியின் கூடப்பிறந்த ராத்தா மர்யமும் அவள் மாப்பிள்ளையும் வருகிறார்கள். உன் மகள் ஸபியாவை வளர்க்கக் கொண்டு போக வருகிறார்கள். உன் வாப்பாவுக்காக நான் அறைக்குள் இருக்கிற இத்தா முடிய அதற்குப் பிறகும் மூன்று நாள் இருக்கிறது. முடிந்த பிறகு வரச் சொல்லித்தான் பேச்சு, ஆனால் அவர்களுக்கு வாகனம் கிடைத்தது அன்றைக்குத்தானாம். பிள்ளையைத் தருகிறோம் என்று சொல் கொடுத்தது நான். நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய், அதைச் சம்மதம் என்று நானே எடுத்துக்கொண்டேன். இப்போது அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. என் புத்தியை மாற்றியது ஒரு தாரா, வெறும் வாத்து, என்றால் நீ நம்ப மாட்டாய். அதனால் முதலிலிருந்தே எழுதுகிறேன்.

உன் வாப்பாவை அடக்கிவிட்டு வந்த அன்றைக்கே பின்னறையை எனக்கு ஒதுக்கிக் கொடுத்தார்கள், உனக்குத் தெரியும். முன்பக்க ஜன்னலுக்குச் சேலை கட்டினார்கள். பின்பக்க ஜன்னலை மட்டும் திறந்து வைத்துக்கொள்ளலாம் என்றார்கள், அந்தப் பக்கம் வயலும், செங்கல்லுக்கு மண் வெட்டி வெட்டிக் குளமாகிப்போன பள்ளமும்தான், ஆண்கள் நடமாட்டம் கிடையாது. நாலு மாதமும் பத்து நாளும் ஒரு ஜன்னல். முதல் கிழமை ஏழு நாளும் நான் வெளியே பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டு இருந்தேன். உன் பெண்சாதி ஹலீமா போய்ப் பதினொரு நாளில் உன் வாப்பாவும் போனார், ஒரே காய்ச்சல். நாற்பது நாள் பிள்ளையை விட்டுவிட்டு அவள் போனாள். எனக்கு அழுவதற்கு யாரை முதலில் நினைப்பது என்றே தெரியவில்லை.

ஆறு வற்றிப்போன வருஷம் இது. பெரிய குளங்களில் எல்லாம் சேறு வெடித்துக் கிடக்கிறது என்று உன் மாமா சொன்னார். நம் பள்ளத்தில் மட்டும் ஊற்றுத் தண்ணீர் நின்றது. அதனால்தான் அவை இங்கே வந்திருக்க வேண்டும். ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு நிமிர்கிறேன், யாரோ சின்னதாக விசில் அடிக்கிற சத்தம். இரட்டை விசில், முதலாவது நீட்டமாக, இரண்டாவது வெடுக்கென்று. எந்தப் போக்கிரி விதவை வீட்டுப் பின்னால் நின்று விசில் அடிக்கிறான் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. எட்டிப் பார்த்தால் ஆம்பல் இலைக்கு நடுவே ஒரு சோடிப் பறவை. சந்தையில் விற்கிற தாராவில் பாதி கூட இல்லை. வெந்நீரில் ஊறிய தேயிலை நிறம், முதுகில் ஒவ்வொரு இறகுக்கும் வெளிறிய கரை, வாலுக்கு மேலே மட்டும் செம்பைத் தேய்த்து வைத்த மாதிரி. ஸபியாவுக்குப் பால் கொண்டுவருகிற சிங்கள மனுஷியிடம் கேட்டேன். "அது தம்ப சேருவா நோனா. தம்ப எண்டா செம்புதானே," என்றாள். வாத்தைப் போலக் கத்தாது, பறக்கும்போதும் விசில்தான். பறக்கும்போது கழுத்தைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, காலைப் பின்னால் தொங்கவிட்டுக்கொண்டு, ஏதோ பாரம் தூக்குகிறவனைப் போலப் போகும். பகலில் நிழலில் தூங்கும், பொழுது சாய்ந்து மஃரிபு நெருங்கும்போது வயலுக்கு இரை தேடக் கிளம்பும்.

அது மரத்தில் உட்காரும் என்றால் முதலில் நான் நம்பவில்லை. தாராவுக்கு மரத்தில் என்ன வேலை? பள்ளத்தின் கரையில் பழைய மருத மரம் இருக்கிறதே, மின்னல் விழுந்து ஒரு கிளை முறிந்தது, அந்த இடத்தில் பொந்து. இரண்டும் அந்தக் கிளையில் ஒட்டி உட்கார்ந்துகொண்டு ஒன்றின் கழுத்தை மற்றது கோதிவிடும். மூன்றாவது கிழமையில் ஒன்று பொந்துக்குள் போக ஆரம்பித்தது. காலையில் போகும், கொஞ்ச நேரத்தில் வரும். முட்டை இடுகிறது என்று விளங்கிக்கொண்டேன், கோழி வளர்த்தவள்தானே நான். பிறகு ஒன்று உள்ளேயே தங்கிவிட்டது. மற்றது தண்ணீரில். உள்ளே இருப்பது பொட்டை, வெளியே சுற்றுவது சேவல் என்று நானே தீர்த்துக்கொண்டேன். இரண்டும் ஒரே அச்சு, ஒரு இறகு கூட வித்தியாசம் கிடையாது. ஆனால் நான் ஏன் யோசிக்க வேண்டும்? அடைகாப்பது தாய்க்காரி, ஊர் சுற்றுவது தகப்பன். உலகம் அப்படித்தான் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

இதை எழுதும்போதுதான் உன் சங்கதி ஒன்று நெஞ்சில் குத்துகிறது. நீ அந்த நாட்களில் இங்கேதான் இருந்தாய். கடையைப் பூட்டிவிட்டு மூன்று கிழமை இருந்தாய். ஸபியா யார் கையிலும் பால் குடிக்கவில்லை, கரண்டியைத் துப்பிவிடுவாள். நீ இடது கையில் சாய்த்துப் பிடித்து, துணித் திரியைப் பாலில் நனைத்து, அவள் உதட்டு ஓரத்தில் வைத்துக் காத்துக்கொண்டிருப்பாய். அவசரப்பட மாட்டாய். அவளுடைய துணியை நீயே சவுக்காரம் போட்டுக் கசக்கிப் போடுவாய். நான் கதவிடுக்கால் பார்த்துக்கொண்டு இருந்தேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவள், எனக்கு வெட்கமாக இருந்தது. துக்கம் விசாரிக்க வந்த பெண்கள் கொடியில் உன் கையால் காய்ந்த துணியைப் பார்த்து ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். அன்றைக்கு நீ என்னிடம் வந்து என்ன கேட்டாய் என்று நீ மறந்திருக்க மாட்டாய்.

"உம்மா, புள்ளய நானே வச்சிக்கொள்றன். கடைக்கிப் பொறத்தால அறை ஒண்டு ஈக்கி."

"தொட்டிலத் தூக்கிக்கிட்டு கல்லாவுல குந்தப் போறீங்களா மகன்? சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டுமே உம்மா."

"ஆம்புளைக்கி ஏலாத வேல இது. போங்க, போய்க் கடையத் தொறங்க."

நீ போனாய். போகும்போது பிள்ளையைப் பார்க்காமலே போனாய். அடுத்த கிழமையே மர்யம் வந்தாள். பாவம், அவளையும் நான் குறை சொல்ல மாட்டேன். தங்கச்சியைப் பறிகொடுத்தவள், எட்டு வருஷமாகப் பிள்ளை இல்லாதவள். ஸபியாவை மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கி அல்லாஹ் தந்தீக்கான் மாமி," என்று அழுதாள். எனக்கு ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. இத்தா முடிந்ததும் கொண்டு போ மகள் என்றேன், நீ அடுத்த தரம் வந்தபோது உனக்கும் சொன்னேன்.

தாராவுக்கு வருகிறேன். முட்டை இட்டு முடித்து இரண்டு நாள் இருக்கும். காலையில் துவக்கு வெடித்தது. என் தம்பி, உன் மாமாவின் வேலைதான். முற்பகல் அவர் கழுத்து அறுத்த பறவையை வாழை இலையில் சுற்றிக்கொண்டு என் அறைக்கே வந்தார்.

"ராத்தா, உசிரு ஈக்கச்சே ஓடிப் போய் நானே பிஸ்மி செல்லி அறுத்தன், பயப்படாமத் தின்னலாம். கறியாக்குங்க. ஒங்கட மொகத்துல எலும்பு மட்டும்தான் மிச்சம்."

"ஒனக்கு வேற எடம் கெடைக்கலயா? சோடிப் பறவைடா அது. பொட்ட அங்க அடை கெடக்குது."

"எனக்கென்ன தெரியும்? பொந்துல பொட்ட ஈக்கிறது ஒங்களுக்கு மட்டும் எழுதிப் போட்டிச்சா?"

அவரைத் துரத்திவிட்டு ஜன்னலில் உட்கார்ந்துவிட்டேன். பொந்தின் வாயில் ஒரு அலகு தெரிந்தது. விசில் கேட்கிறதா என்று அது கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தது. அன்றைக்குத்தான் நான் சத்தம் போட்டு அழுதேன், உன் வாப்பா போன பிறகு முதல் தரம். நீயும் என்னைப் போல இத்தா இருக்கப் போகிறாய் மகளே என்று அந்தப் பறவையிடம் சொன்னேன். ஒரு பொந்து உனக்கு, ஒரு அறை எனக்கு என்றேன். பைத்தியம் என்று நினைக்காதே, நாலு சுவருக்குள் இருந்தால் பேசத் தோன்றும்.

அஸருக்குப் பிறகு மனம் கேட்கவில்லை. அல்லாஹ்வின் பெயர் சொல்லி அறுத்ததை வீணாகப் போட்டால் குற்றம். இறகைப் பிடுங்கி, வயிற்றைக் கீறிக் குடலை எடுத்தேன். உள்ளே பச்சை மிளகுக் குலை மாதிரி மஞ்சள் மஞ்சளாகக் கரு. முட்டைப் பை பெரிதாகத் தளர்ந்து கிடந்தது, இட்டு இரண்டு நாள் ஆன கோழிக்கு இருக்கிற மாதிரியே. எத்தனை கோழி அறுத்த கை இது, தவறுவதற்கு இல்லை. என் கையில் இருந்ததுதான் பொட்டை. குசினிப் பத்தியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்படியானால் பொந்தில் இருப்பது யார்? நாள் முழுவதும் நான் என்னைப் போல என்று நினைத்து அழுத பறவை, உன்னைப் போல ஒன்று.

பால்காரியைக் கேட்டால், "அதுகள் ரெண்டும் மாறி மாறித்தான் அடை கெடக்கும் நோனா, எல்லாருக்கும் தெரியுமே," என்கிறாள். எல்லாருக்கும் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. காலையிலும் மாலையிலும் ஒன்று போய் ஒன்று வந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். கண்டும், ஒரே பறவைதான் தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்புகிறது என்று நினைத்தேன்.

இனி எழுதப்போவதை எழுத எனக்குக் கை கூசுகிறது. அந்தச் சேவல் முட்டையை விட்டுவிட்டுப் பறந்து போக வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். ஆமாம் மகனே. நான் உனக்குச் சொன்னது சரியென்று யாராவது சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. இன்றைக்குப் போகும், நாளைக்குப் போகும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது மஃரிபு நேரம் ஒரு தரம் மட்டும் இறங்கும். அவசர அவசரமாகச் சேற்றைக் கிளறும், முழுகும், திரும்பிப் போய்விடும். முன்பு இரண்டாக இருந்தபோது எவ்வளவு சாவகாசமாக மேய்ந்தது! கிளையில் உட்கார்ந்து விசில் அடிக்கும், பதிலுக்குக் காத்திருக்கும், பிறகு உள்ளே நுழையும். ஒரு கிழமையில் அந்த விசிலும் நின்றது. வேலைதான் மிச்சம். மூன்று கிழமைக்கு மேல் இப்படி. நான் தோற்றுக்கொண்டே வந்தேன்.

ஒரு காலையில் அது பொந்துக்குக் கீழே தண்ணீரில் இறங்கி நின்று கூப்பிட்டது, இதுவரை நான் கேட்காத மெல்லிய சத்தம். பொந்தின் வாயில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு குஞ்சு வந்து நின்றது. நம் வீட்டுக் கூரை உயரம் இருக்கும். குதித்துவிட்டது! பஞ்சு மாதிரி விழுந்து, புரண்டு, தண்ணீருக்கு ஓடியது. பின்னாலேயே ஒவ்வொன்றாக மற்றவை, மொத்தம் ஒன்பது. பயந்துகொண்டு நின்ற கடைசிக் குஞ்சுக்காக அது மற்ற எட்டையும் சுற்றி வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் கூப்பிட்டது தெரியுமா? கோபப்படவே இல்லை. உன் திரித்துணி எனக்கு நினைவு வந்தது.

எல்லாம் பிழைத்தது என்று உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். இரண்டைக் கபரகொய்யா உடும்பு விழுங்கியது, ஒன்றைப் பருந்து கொண்டு போனது. பருந்து வந்தால் அது சிறகை அடித்துக்கொண்டு நொண்டுவது போலக் காட்டும், குஞ்சுகள் முழுகிவிடும். ஒரு தரம் தவறியது. அன்று மாலை அது மிச்சமிருந்தவற்றை ஆம்பல் நடுவுக்குக் கூட்டிப் போய் வழக்கம் போல மேயவிட்டது. தாய் இருந்திருந்தால் ஒன்பதும் பிழைத்திருக்கும் என்று எனக்கு வாய் வரை வந்தது. தாய் இருந்த கோழிகளிடமிருந்து எத்தனை குஞ்சைக் கீரி கொண்டு போனது என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். ஆறு வளர்ந்தன. போன கிழமை ஆறும் பறந்தன.

இதையெல்லாம் பார்த்த பிறகுதான் ஒரு பழைய பிழையை உன்னிடம் சொல்லத் துணிந்தேன். உன் வாப்பாவை நீ கடுமையான மனுஷன் என்றே நினைத்து வளர்ந்தாய். தூக்கியதில்லை, தடவியதில்லை என்று கலியாணத்துக்கு முன் ஒரு நாள் என்னிடம் சொல்லிக் கண் கலங்கினாய். நான் பதில் சொல்லவில்லை. பதில் எனக்குத் தெரியும். நீ பிறந்த புதிதில் உன்னைக் கிணற்றடியில் குளிப்பாட்டியது அவர்தான். முழங்கையால் தண்ணீரின் சூடு பார்ப்பார். உன்னைத் தொடையில் கவிழ்த்துப் போட்டு முதுகைத் தேய்த்துவிட்டுப் பைத்து பாடுவார். ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன மச்சி, ஒங்கட மாப்புளைக்கிப் பாலும் சொரக்குதா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருந்தால் அது அதோடு போயிருக்கும். நான் உள்ளே போய் அவரிடம், இனி இந்த வேலையைச் செய்து என் மானத்தை வாங்க வேண்டாம் என்றேன். அவர் ஈரத்தோடு உன்னை என் கையில் தந்துவிட்டு, சாரனைப் பிழிந்துகொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகு உன்னைத் தூக்கவே இல்லை. தூக்க ஆசைப்பட்டதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நீ தூங்கின பிறகு வந்து நிற்பார். காய்ச்சலில் நினைவு தப்பின கடைசி நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மகன் நனஞ்சி ஈக்கிறான், தொடச்சி விடு," என்றார். நீ மருந்துக்குப் போயிருந்தாய். வந்த பிறகும் நான் உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கு முன்னால் நடந்ததையும் சொல்ல வேண்டி வரும்.

ஒரு ஆணிடமிருந்து அவன் பிள்ளையை நான் ஒரு தரம் பிடுங்கினேன். இரண்டாம் தரமும் செய்துவிட்டு மௌத்தாகி மண்ணுக்குள் போக எனக்கு விருப்பமில்லை.

உனக்கு நான் கட்டளை போடவில்லை. உனக்கு ஏலாது, மர்யமிடம் இருப்பதுதான் பிள்ளைக்கு நல்லது என்று நீயே யோசித்து நினைத்தால், கொடு, நான் தடுக்க மாட்டேன். ஆனால் என் வாய்க்குப் பயந்து கொடுக்காதே. வைத்துக்கொள்ள ஆசை இருந்தால் வழி இருக்கிறது. பகலில் பிள்ளை என்னோடு இருக்கட்டும், கடையடைத்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் இங்கே நம் கலகெதரைக்கு வா, இரவும் விடியலும் அவள் உன்னுடையவள். இப்போது கரண்டியில் குடிக்கிறாள். இரண்டு கையையும் ஊன்றிக் குந்துகிறாள். இடது பக்கம் சாய்த்தால்தான் தூங்குகிறாள், அந்தப் பழக்கம் நீ கொடுத்தது. மறுபடி கலியாணம் செய் என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் ஒரு நாள் சொல்வேன். மனதுக்குப் பிடித்தால் செய். பிள்ளைக்குத் துணி கழுவ ஆள் வேண்டும் என்று மட்டும் ஒரு பெண்ணைக் கூட்டி வராதே, அது அவளுக்கும் அநியாயம். பிள்ளை விழும், காய்ச்சல் வரும், உன் மேல் பழி சொல்வார்கள். தாயைச் சொல்லாத பழியைத் தகப்பனைச் சொல்வார்கள். கேட்டுக்கொண்டு அடுத்த வேளைப் பாலைக் காய்ச்சு.

மர்யம் அழுவாள். அந்த அழுகை என் கணக்கு, அவளை உள்ளே என்னிடம் அனுப்பு, அவள் காலைப் பிடித்தாவது நான் மன்னிப்புக் கேட்கிறேன். மாதம் ஒரு தரம் பிள்ளையை மாத்தளைக்குக் கூட்டிப் போய் அவள் மடியில் வை. அதை மறந்தால் நீயும் கல் நெஞ்சுக்காரன்.

ஆனால் அவள் மாப்பிள்ளையிடமும் கூட வருகிற பெரியவர்களிடமும் சொல்ல வேண்டியது நீதான். இத்தாவில் இருக்கிற நான் அந்த ஆண்களுக்கு முன்னால் வர முடியாது, கதவுக்குப் பின்னால்தான் இருப்பேன். உனக்குச் சபையில் பேச வராது என்று தெரியும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பேச வராவிட்டால் பரவாயில்லை. எல்லாரும் கதிரையில் உட்கார்ந்த பிறகு உள்ளே வா. பிள்ளைக்குப் பசி வருகிற நேரமாகத்தான் இருக்கும், பாலும் கரண்டியும் நான் எடுத்து வைக்கிறேன். அவளைத் தூக்கிக்கொண்டு போய் அவர்களுக்கு நடுவில் குந்து. எல்லாரும் பார்த்துக்கொண்டு இருக்க, நீ பால் கொடு.

உன் உம்மா.